மேலிருந்து எடுத்த குசினி

மேசைக்கு மேல் ஸ்டூல், ஸ்டூலுக்கு மேல் றிஸ்னா. நாற்பது கடந்த ஒரு மனுசி ஏறி நிற்கிற இடமா இது என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது. உக்குவளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் குசினிச் சுவர் கூரை வரை போகாது. புகை வெளியேற வேண்டுமே, அதனால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அந்தச் சுவருக்கு மேலால் கேமராவையும் தலையையும் நீட்டிக் கீழே பார்த்தால்தான் நுஸ்லா கேட்கிற மாதிரிப் படம் வரும். நுஸ்லா கீழே அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் குந்தி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். இந்த மாதக் கடைசியில் அவளுக்குக் கலியாணம்.

“ராத்தா, நான் சின்னதாத் தெரியிறேனா?” என்று நிமிராமலே கேட்டாள்.

“தெரியிறீங்க. தலைய இன்னம் கொஞ்சம் குனிங்க.”

மாத்தளை வட்டாரத்து முஸ்லிம் கலியாணங்களுக்கு இரண்டு கேமரா வேண்டும். ஆண்கள் பக்கத்துக்கு ஓர் ஆண், பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண். ஆண்கள் பக்கத்தை றிஸ்னாவின் புருசன் ஸியாம் எடுப்பான். அவனுக்கென்ன, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு நிக்காஹ் ஓதுவதையும் கையெழுத்து வைப்பதையும் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு யாராவது கூப்பிட்டு, ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். பெண்கள் பக்கம் அப்படியா? பெண்ணுக்கு மருதோன்றி காய்கிற நேரம் தொட்டு வேலை. பெரியம்மா, சின்னம்மா, சாச்சி, மாமி, அவர்களுடைய மருமகள்மார், ஒருத்தி பாக்கியில்லாமல் மணமகளோடு நிற்க வேண்டும். நின்று முடிந்ததும், “தோடு படத்தில விழுந்திச்சா பாருங்க ராத்தா” என்று திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் காலுக்குள் பிள்ளைகள். வீட்டுக்கு வந்தால் வலது தோள் தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தத் தொழிலை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் பற்றரியைச் சார்ஜ் போடுவாள்.

போதாக்குறைக்கு இப்போது காய்ச்சல் மாதிரிப் புதிதாக ஒரு வருத்தம் பிடித்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குச் சும்மா கலியாண வீடியோ போதாது, ராஜகுமாரி கதை மாதிரி ஒரு குட்டிப் படம் வேண்டும். கலியாண மண்டபத்தில், பெண்கள் பக்கத்தில், பெரிய திரையில் அதைப் போட வேண்டும். வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கிக் கூடையில் வைத்துவிட்டால் படம் வெளியில் போகாது என்று வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நுஸ்லாவின் படத்துக்குக் கதை நுஸ்லாவே எழுதியது. புகை நாடு என்று ஒரு நாடு. அங்கே யாருக்கும் முகம் கிடையாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான். அந்த நாட்டில் இடியப்பம் பிழிகிற ஒரு பெண்ணின் உரலிலிருந்து ஒருநாள் அறுந்துபோகாத நூல் ஒன்று இறங்குகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே கதவைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறாள். நூல் முடிகிற இடத்தில் வெளிச்ச நாடு. அங்கே மாளிகை, படிக்கட்டு, தொங்குவிளக்கு. சும்மா சொல்லக்கூடாது, கதை நன்றாகவே இருந்தது. ஆனால் புகை நாடு என்று அவள் எழுதியது தன் உம்மாவின் குசினியை. அதைக் கேட்டபோதே றிஸ்னாவுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பெண்ணோடு மல்லுக்கட்ட உடம்பில் தென்பு இருக்கவில்லை.

நுஸ்லாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாப்பா பலீல் லொறியோடு பள்ளத்தில் போய் மௌத்தானபோது அவள் கைப்பிள்ளை. கொஞ்சம் வளர்ந்ததும் சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழும்பி, உம்மாவோடு குந்தி, டவுன் ஹோட்டல்களுக்கு இடியப்பம் பிழிந்துவிட்டு, அந்தப் புகை மணத்தோடேயே பள்ளிக்கூடம் போன பிள்ளை. பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மாத்தளை டவுனில் இரண்டு தட்டு மாடிவீட்டிலிருந்து சம்பந்தம் வந்தால் அப்படிப்பட்டவளுக்கு அது வெளிச்ச நாடாகத்தான் தெரியும்.

வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. உம்மா பீபிக்குக் கதை தெரியாது. வீட்டைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அது போதாதா? அந்த மனுசி ஒரு கிழமையாகக் குசினியைத் தேய்த்திருக்கிறாள். வருசக்கணக்கான கரியைச் சுரண்டி, தானே ஏணி வைத்து ஏறி, சுவருக்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறாள். ஜன்னலுக்குப் பூப்போட்ட புதுத் திரை. ஹோலில் கண்ணாடி அல்மாரிக்குள் பெருநாளைக்குக்கூட வெளியில் வராத கோப்பை செட் குசினித் தட்டில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தது. பீபியும் புதுச் சாரி உடுத்து, முக்காட்டை ஊசி குத்தி நிறுத்தி, கதிரை போட்டு வாசலில் இருந்தாள். கவுன் தைக்கப் போய் ஒரு கிழமை பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டு றிஸ்னாவோடு வந்து இறங்கிய நுஸ்லா பார்த்து நொந்துபோனாள்.

“உம்மா, என்ன வேல செஞ்சி வெச்சீக்கிறீங்க?”

“ஏன் மகள், பாக்கிறவங்க கண்ணுக்குச் சுத்தமா ஈக்கட்டும்.”

மறுபடி கரி பூசச் சொல்லவா முடியும்? நுஸ்லா றிஸ்னாவை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண் கலங்கினாள். “வுடுங்க தங்கச்சி, கேமராவால பாத்துக்கலாம்” என்றாள் றிஸ்னா. அது வாய்ச்சொல் இல்லை. கேமராவில் நிறத்தை நீலப் பக்கம் தள்ளினால் அந்த இளமஞ்சள் சாம்பலாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வாழையடியில் போய் நின்று நீளமான லென்ஸைப் போட்டால் கம்பி, அடுப்பு, பெண், பின்சுவர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, அந்த அறையில் மூச்சு விடக்கூட இடமில்லை என்று தோன்றும். ஸ்டாண்டில் வைக்காமல் கையில் பிடித்தால் படம் லேசாக நடுங்கும், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே மனம் ஒரு நிலையில் நிற்காது. மேலிருந்து எடுத்தால் ஆள் தரையோடு அமுங்கிப் போவாள். ஒரு கிழமை தேய்த்த வேலையை ஒன்றும் தொடாமலே கெடுத்துவிடலாம். றிஸ்னா அன்றைக்கு அதைத்தான் செய்தாள்.

பீபியையும் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அடுப்புக்கு ஊத வேண்டும், அவ்வளவுதான். “பொறத்தால மட்டும் எடுங்க ராத்தா” என்று நுஸ்லா காதுக்குள் சொன்னாள். பீபி புதுச் சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊதுகுழலை எடுத்து, இருமி இருமி ஊதினாள். ஊதிவிட்டுத் திரும்பிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். “மாமி, திரும்பாதீங்க” என்று றிஸ்னா சொல்ல, “ஆ, சரி சரி” என்று மறுபடி ஊதினாள். எல்லாம் முடிந்து பால் டீயும் டொஃபியும் கொண்டுவந்து வைத்தபோது மெல்லக் கேட்டாள்.

“வூடு வடிவா விழுந்திச்சா?”

“நல்லா விழுந்திச்சி மாமி” என்றாள் றிஸ்னா. டீயை அப்படியே வைத்துவிட்டு லென்ஸைக் கழற்றத் தொடங்கினாள்.

அடுத்தது வெளிச்ச நாடு. மாப்பிள்ளை இப்ஹாமின் வீட்டில் எடுக்க வேண்டும். ஆனால் நிக்காஹ் முடியாமல் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி மிதிப்பது வழக்கத்தில் இல்லை. அப்படியென்றால் மாளிகையில் யார் நடப்பது? இப்ஹாமின் உம்மா அதற்கும் வழி சொன்னார். ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து ஊரே அவரை ஹஜ்ஜும்மா என்றுதான் கூப்பிடும். “மூத்த மருமக நிஷ்மியா ஈக்காதானே. அவளும் அந்த உசரம்தான். பொறத்தால எடுத்தா யாருக்கு வெளங்கப்போற?” நுஸ்லாவின் கலியாண வெள்ளைக் கவுன் பெரிய பையில் சுற்றி மாத்தளைக்குப் போனது.

அங்கே எல்லாம் நேர்மாறு. நிறத்தை மஞ்சள் பக்கம் கொண்டுவர வேண்டும். அகன்ற லென்ஸ் போட வேண்டும், இருக்கிற ஹோல் இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். நடுங்காமல் வழுக்கிக்கொண்டு போகிற கருவியில் கேமராவைப் பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழே கிடக்க வேண்டும். பளபளக்கிற டைல்ஸ் தரையில் றிஸ்னா வயிற்றைப் பதித்துப் படுத்தாள். ஹஜ்ஜும்மா ஓடிப்போய் ஒரு குஷன் கொண்டுவந்து அவள் முழங்கைக்குக் கீழே வைத்தார். நல்ல மனுசிதான். வந்ததிலிருந்து சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிஷ்மியா கவுனில் படிக்கட்டின் கீழே வந்து நின்றாள். முதுகில் ஊசிகள் குத்தி இறுக்கியிருந்தார்கள். அவளுடைய சின்ன மகள் கவுனைப் பிடித்துத் தொங்கிவிடக் கூடாதென்று அவளை மேலே ஓர் அறையில் பொம்மையும் கொடுத்து அடைத்தாயிற்று, அழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. “மெதுவா ஏறுங்க, திரும்பிப் பாக்காதீங்க” என்றாள் றிஸ்னா. நிஷ்மியா ஏறினாள். ஏறிய களைப்பு தோளில் தெரிந்தது. ராணி மாதிரி ஏறுங்கள் என்று மறுபடி எடுத்தாள், மறுபடியும் அதே தோள்தான். எத்தனையோ பெண்களைப் பின்னால் நின்று எடுத்தவள் றிஸ்னா. முகத்தைச் சிரிக்கச் சொன்னால் சிரித்துவிடும், முதுகிடம் என்ன சொன்னாலும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். ஆளைத் தூரத்தில் விட்டு வீட்டைப் பெரிதாக்கிச் சமாளித்துவிடலாம் என்று இன்னும் பின்னால் நகர்ந்தாள்.

“ராத்தா, ஏன் தரையில படுத்துக்கிட்டு எடுக்கிறீங்க?” நிஷ்மியா படியில் நின்றபடியே கேட்டாள்.

“இங்கேர்ந்து எடுத்தாத்தான் வூடு பெருசாத் தெரியும்.”

“வூடு பெருசுதான் ராத்தா. கூட்டித் தொடச்சிப் பாருங்க, தெரியும்.”

பகடி இல்லை. சிரிக்கவும் இல்லை. உள்ளேயிருந்து ஹஜ்ஜும்மா, “நிஷ்மியா, ஆம்பளையளுக்கு டீ ஊத்தணும்” என்று கூப்பிட்டதும் கவுனை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது வெள்ளைத் துணியில் ஏலக்காய் மணந்தது. அன்று மாலை திரீவீலில் உக்குவளைக்குத் திரும்பும்போது றிஸ்னா எடுத்ததை ஓட விட்டுப் பார்த்தாள். பெரிய மாளிகை. அதன் நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளை. மேலிருந்து எடுத்தாலும் ஆள் சின்னது, கீழே கிடந்து எடுத்தாலும் ஆள் சின்னது. இதை யாரிடம் போய்ச் சொல்ல என்று கேமராவை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள்.

கண்டி ரோட்டில் றிஸ்னாவும் ஸியாமும் நடத்துகிற ஸ்டூடியோ ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. றிஸ்னா படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பீபி படியேறி வந்தாள். கையில் இடியப்பப் பார்சலும் சம்பலும். எடுத்த நாளில் ஒழுங்காகச் சாப்பாடு தரவில்லை என்று குறையாம். வைத்துவிட்டுத் திரும்பியவளின் கண் கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. றிஸ்னா கை நீட்டி மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். நீலமும் சாம்பலுமாக ஒரு பொந்து, கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருக்கிறாள்.

“இது யாருட குசினி?” என்று பீபி கேட்டாள். யாரோ பாவப்பட்டவர்களின் இடம் என்று நினைத்த குரல். நீட்டிய கையை றிஸ்னா இழுத்துக்கொண்டாள். படம் தன்பாட்டில் ஓடியது. அடுத்த காட்சியில் ஒரு முதுகு குனிந்து அடுப்பை ஊதியது. அதற்கு மேல் நுஸ்லாவின் குரல், புகை நாட்டில் யாருக்கும் முகம் இல்லை என்று சொன்னது. பீபி குனிந்து மூக்குத் திரையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனாள்.

“இது என்ட சாரி.”

றிஸ்னா கதிரையை இழுத்துப் போட்டாள். பீபி உட்கார்ந்தாள். முழுதும் போடச் சொன்னாள். கடைசி வரை பார்த்தாள். மாளிகை வந்ததையும் பார்த்தாள்.

“என்ட மொகம் ஒரு இடத்திலயும் வரல்லையே” என்றாள்.

“கத அப்படி மாமி.”

“ம்.” கொஞ்ச நேரம் பார்சலின் நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். “இத மண்டபத்தில போடுவீங்களா? மாப்பிள வூட்டு ஆக்கள் எல்லாம் ஈப்பாங்களா?”

“பொம்பளப் பக்கம் எல்லாரும் ஈப்பாங்க.”

பீபி அழுவாள், அல்லது ஏசுவாள் என்று றிஸ்னா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. இடியப்பத்துக்கு மா பதம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “எனக்கு மானம் போறது ஒரு பெரிய காரியமில்ல றிஸ்னா. நான் இடியப்பக்காரி, ஊருக்கே தெரியும். ஆனா இத அவங்க பாத்தா, நாங்கதான் கைகுடுத்துத் தூக்கி எடுத்தோம்டு நெனப்பாங்க. அன்டைக்குப் பாவம் பாப்பாங்க. பொறகு ஒருநாள் வாய்ப்பேச்சு, சண்டண்டு வந்தா, நீ எங்கேர்ந்து வந்தேண்டு படத்தில பாத்தோம்தானேண்டு கேப்பாங்க. அப்ப நுஸ்லாக்குத் திருப்பிச் செல்ல ஒரு பேச்சில்ல. அவதானே எடுத்துக் காட்டின.”

றிஸ்னா நுஸ்லாவோடு பேசச் சொன்னாள். பீபி தலையை ஆட்டினாள். “நான் செல்லப் போனா என்ட வெக்கத்துக்குச் செல்றேண்டு நெனப்பா. நீங்க செல்லிப் பாருங்க. கேக்காட்டி வுடுங்க, கலியாணத்துக்கு முந்தி அவட மனசு நோகக் கூடாது.” படியிறங்கும்போது திரும்பி, சம்பலைப் பின்னேரத்துக்கு வைக்க வேண்டாம், புளித்துப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு றிஸ்னா குசினிக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீலத்தைக் குறைத்துப் பார்த்தாள். மஞ்சள் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனாலும் குசினி குசினியாகவில்லை. நிறத்தை மாற்றலாம், கேமரா நின்ற இடத்தை இனி மாற்ற முடியாது. ஸ்டூலில் ஏறி நின்றது நின்றதுதான். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நுஸ்லா சின்னப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. இந்த மூத்த மனுசிக்கு எங்கே போனது புத்தி? பின்னால் வந்து நின்ற ஸியாம், ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் கூடி வெளுத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனான்.

நுஸ்லாவுக்குப் போன் போட்டாள். பீபி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

“உம்மா பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“என்ன சென்னாங்க?”

“முதல்ல, இது யாருட குசினிண்டு கேட்டாங்க.”

நுஸ்லா பேச்சை மாற்றினாள். “அவருட தங்கச்சிமாருக்கெல்லாம் செல்லியாச்சு ராத்தா. ஸ்கிரீனும் பேசியாச்சு. இப்ப இல்லண்டா ஏன் எதுக்குண்டு தோண்டுவாங்க. அது கததானே. கதண்டு எல்லாருக்கும் வெளங்கும்.” உம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்றும் சொன்னாள். றிஸ்னா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. பெண் கேட்கிறாள், பெண்ணின் உம்மா விடு என்கிறாள், நடுவில் நான் யார் என்று போனை வைத்தாள். ஆறுதலுக்குச் சொல்லிக்கொண்டது. ஆறுதலாக இல்லை.

கலியாண மண்டபத்தை நடுவில் திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் மேடையில் இடப்புறம் மணமகளுக்குச் சோடித்த சோஃபா. மாப்பிள்ளை உள்ளே வந்து பார்க்கிற வரை அவள் அதைவிட்டு எழும்புவதில்லை. தண்ணீர்கூட ஆள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மேடையின் நடுவில் வெள்ளைத் திரை, எதிரே ஒரு மேசையில் ப்ரொஜெக்டர். வலப்பக்கக் கோடியில் சாப்பாடு வருகிற கதவருகே பீபி நின்று வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே வந்து உட்காருங்கள் மாமி என்று றிஸ்னா இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை.

லைட்டை அணைத்தார்கள். குசினி வந்தது. கம்ப்யூட்டரில் கையகலமாக இருந்தது இப்போது சுவரகலம். நூறு பெண்கள் இருந்த இடத்தில் சளசளப்பு அடங்கி, அங்குமிங்குமாக ‘ச்சு’ கொட்டுகிற சத்தம் கேட்டது. பார்க்கிறவர்களின் முகத்தை எடுப்பது றிஸ்னாவின் வேலை. அவள் மணமகளின் பக்கம் போனாள். நுஸ்லாவுக்குப் பக்கத்தில் ஹஜ்ஜும்மா இருந்தார். திரையில் ஆவிக்குள் ஒரு கை இடியப்பத் தட்டை எடுத்தது. ஹஜ்ஜும்மா உருகிப்போய், நுஸ்லாவின் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தன் தங்கச்சிக்கும் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க, மருதோன்டிக்குள்ளயும் சுட்ட தழும்பு தெரியுது. என்ன பாடு படுத்தி ஈக்கிறாங்க புள்ளய.” பிறகு நுஸ்லாவின் கன்னத்தைத் தடவினார். “இனி அந்தக் கஷ்டம் இல்ல மகள். அங்கேர்ந்து எடுத்துட்டோம்தானே.”

சத்தியமாகப் பாசத்தில் சொன்னது. பின்வரிசைப் பெண்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். நுஸ்லாவின் கை தூக்கிய இடத்திலேயே இருந்தது. யாருடையதோ போல அவள் அதைப் பார்த்தாள். பீபி சொன்ன அந்த வாய்ப்பேச்சு வருகிற நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று என்று றிஸ்னா நினைத்தாள். கதவருகே நின்ற பீபிக்குப் பேச்சுக் கேட்டிருக்காது, தூக்கிப் பிடித்த கை தெரிந்திருக்கும்.

வெளிச்ச நாடு வந்தது. மண்டபமே மஞ்சளாகிவிட்டது. அல்லாஹ், என்ன வடிவான வூடு என்று யாரோ சொன்னார்கள். தொங்குவிளக்கு, தரையில் விளக்கின் பிம்பம், தூரத்தில் வெள்ளைக் கவுனில் ஓர் அரிசி மணி. அது படியில் கால் வைத்து, தோளைக் கொஞ்சம் இறக்கி, ஏறத் தொடங்கியது.

“உம்மா” என்றது ஒரு குழந்தைக் குரல். யாருடைய மடியிலோ இருந்த நிஷ்மியாவின் மகள் எழுந்து நின்று திரையைக் காட்டியது. “அது எங்கட உம்மா.”

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சொல்ல, விசயம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஹஜ்ஜும்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நிஷ்மியாதான் நின்டா. பொண்ணு எப்படி அங்க வார? பாருங்களேன், புள்ளக்கி நடை வெளங்கியிருக்கு.” கூடவே குனிந்து மருமகளிடம் ரகசியம் மாதிரிச் சொன்னார். “நீங்க ஒன்டுக்கும் பயப்படத் தேவல்ல மகள். குசினிக்கு நிஷ்மியா ஈக்கா.”

நுஸ்லா திரும்பிப் பார்த்தாள். மேடைக்குக் கீழே நிஷ்மியா வட்டிலப்பக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதால் தானும் சிரிக்க வேண்டுமே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தட்டில் இருந்ததால் முகத்தை மூட முடியவில்லை. திரையில் அவளுடைய முதுகு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நுஸ்லா ஹஜ்ஜும்மாவின் பிடியிலிருந்து கையை எடுத்தாள். உதறவில்லை, மரியாதையாகத்தான் எடுத்தாள். பிறகு கவுனை இரண்டு பக்கமும் அள்ளிப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். “மகள், எங்க போற, இரிங்க” என்று ஹஜ்ஜும்மா கேட்பதற்குள் மேடையின் இரண்டு படியும் இறங்கியாயிற்று. சோஃபாவிலிருந்து கதவுக்குப் போக ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தைத் தாண்டித்தான் வழி. சிரிப்பு ஒவ்வோர் இடமாக நின்றது. படத்தை நிறுத்தலாம், ப்ரொஜெக்டர் மேசையில் கம்ப்யூட்டர் நாலு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. றிஸ்னா நிறுத்தவில்லை. தோள் விண்விண்ணென்று வலித்தது, கேமராவை இறக்கவும் தோன்றவில்லை.

வெளிச்சத்துக்குள் வந்ததும் மாளிகை நுஸ்லாவின்மேல் விழுந்தது. படிக்கட்டு அவளுடைய வெள்ளைக் கவுனில் மடிப்புக்கு மடிப்பு உடைந்து ஏறியது, தொங்குவிளக்கு நெஞ்சில் எரிந்தது. பின்னால் திரையில் கூரை வரை அவளுடைய கருநிழல். கதவருகே பீபி அசையாமல் நின்று, யாருக்கும் தெரியாதபடி தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினாள். வராதே, போய் இரு என்று அர்த்தம். அது நுஸ்லாவுக்குத் தெரிந்திருக்காது. அவள் நடு வழியில் நின்றுவிட்டாள். வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்க, கண் கூசி, தழும்புக் கையை நெற்றிக்கு மேலே மறைப்புப் பிடித்தபடி, இருட்டுக்குள் உம்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தாள்.